சுவரை வைத்துத்தான் சித்திரம்

 

சிறுமியருக்கு ஓதிக்கொடுக்கும் மதரஸா ஆசிரியை ஒருத்தி, கணினியின் பாகங்களைப் பற்றி உங்களிடம் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்றதோடு என் படிப்பு நின்றது. மின்சாரத்தைப் பற்றி நான் அறிந்திருந்ததெல்லாம், சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும் என்பது மட்டுமே. ஆயினும் இந்தத் துறையில் நான் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். அதற்கு 14,000 ரூபாய் கட்டணம் செலுத்தினேன். அதைவிடப் பெரிய விலையாக, என் மகனுக்கு என்மீது இருந்த நம்பிக்கையையும் இழக்கத் தெரிந்தேன். வளரும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இன்றோ நாளையோ இதே பேச்சு எழும் என்பதால், நான் பட்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

எங்கள் வீடு காரைக்கால் பகுதியில், திருமலைராயன்பட்டினத்திலிருந்து பட்டினச்சேரிக்குச் செல்லும் வழியில் இருக்கிறது. மீனவர் குடியிருப்பான பட்டினச்சேரிக்கும் எங்களுக்கும் இடையே கூப்பிடு தூரந்தான். இரவில் தெரு அடங்கியபின் கடலின் ஓசை தலையணைக்கே வந்துவிடும். கணவர் குவைத்தில் வேலை செய்கிறார். நானும் மகனும் மாமியாரும் இங்கே இருக்கிறோம்.

2021ஆம் ஆண்டு, பள்ளிகள் மூடிக்கிடந்த நாட்களில், மகன் முதன்முதலாகக் கேட்டான். "உம்மா, எனக்கு ஒரு கேமிங் பி.சி. வேணும்." கணினி என்றால் எனக்குத் தெரியும், விளையாட்டுக்கென்று தனியாக ஒரு கணினியா? விவரம் சொன்னான். அலுவலகத்தில் கடிதம் அடிக்கும் கணினிக்குப் படம் வரையும் வேலை குறைவு. ஆனால் பந்தாட்டமோ கார்ப் பந்தயமோ திரையில் ஓடும்போது, ஒவ்வொரு நொடியும் அறுபது, நூறு என்று புதிய படங்களை அது வரைந்து தள்ள வேண்டும். அதற்கென்றே கிராபிக்ஸ் கார்டு என்னும் தனிப் பலகை உண்டு. அந்தப் பலகையைக் கொண்டு விளையாட மட்டுமல்ல, முப்பரிமாணப் படங்களும் செய்யலாம். பிளெண்டர் என்னும் இலவசச் செயலியில் தான் அதைப் பழக விரும்புவதாகவும் சொன்னான்.

விலையைக் கேட்டதும் நான் வாயடைத்துப் போனேன். அந்த ஆண்டில் உலகெங்கும் சிப் தட்டுப்பாடு. போதாக்குறைக்கு, கிரிப்டோ நாணயம் எடுப்பவர்கள் கிராபிக்ஸ் கார்டுகளைக் கட்டுக்கட்டாக வாங்கிக் குவித்தார்கள். உற்பத்தியாளர் சொன்ன விலையைப்போல் இருமடங்கு கொடுத்தாலும் கார்டு கிடைக்கவில்லை. கணவர் தொலைபேசியில், "விலை இறங்கட்டும், பார்ப்போம்" என்றார். பிள்ளை முகம் சுளிக்காமல் காத்திருந்தான். 2022 செப்டம்பரில் எத்தேரியம் என்னும் நாணயத்தின் முறையே மாறியது. கிராபிக்ஸ் கார்டு கொண்டு அதை எடுக்கும் வேலை முடிவுக்கு வந்தது. விலைகள் இறங்கின. 2023 மே மாதத்தில் கணவர் 70,000 ரூபாய் அனுப்பிவைத்தார். வெயிலில் நின்று சம்பாதித்த காசு. பார்த்துச் செலவு செய்யும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்.

ரிச்சி தெருவில்

இரவு ரயிலேறி எழும்பூரில் இறங்கினோம். திருவல்லிக்கேணியில் என் தம்பி வீடு. குளித்து, பசியாறி, மூவரும் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குச் சென்றோம். நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு, வாலர்ஸ் சாலை என்று அக்கம்பக்கத்துச் சந்துகள் எல்லாம் சேர்ந்ததுதான் மக்கள் வாயில் "ரிச்சி தெரு". வானொலிப் பெட்டிக்கு உதிரிப் பாகம் தேடிச் சென்ற தலைமுறை தொடங்கி, இன்று கணினி சேர்க்கும் தலைமுறை வரை எல்லோருக்கும் அதுதான் சந்தை. தில்லியின் நேரு பிளேசுக்கு அடுத்தபடியாக இதைச் சொல்வார்கள். ஆள் நடக்க இடமில்லாத சந்தில், தலையில் மானிட்டர்ப் பெட்டி சுமந்தவர் "வழி, வழி" என்று வருவார். ஒதுங்கி நின்றால் முதுகுக்குப் பின்னால் ஒரு கடை இருக்கும்.

மகன் ஒரு தாளில் பட்டியல் எழுதிக்கொண்டு வந்திருந்தான். பிராசசர் ரைசன் 5 5600. மதர்போர்டு அதற்குப் பொருந்தியது. கிராபிக்ஸ் கார்டு ஆர்.எக்ஸ். 6600. எட்டு ஜி.பி. ரேம் இரண்டு. எஸ்.எஸ்.டி. ஒன்று. எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கிக்கு 4,200 ரூபாய். முகப்பில் வலைபோட்ட, பார்ப்பதற்குக் கோழிக்கூண்டுபோன்ற ஒரு கேபினெட்டுக்கு 2,900 ரூபாய்.

நான் பேனாவை எடுத்தேன்.

"எஸ்.எம்.பி.எஸ். என்றால் என்ன செய்யும்?" என்று கேட்டேன். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் என்றான். "அதற்கா நாலாயிரத்து இருநூறு? விளையாட்டு அதிலா ஓடுகிறது?" கடைக்காரரிடம் திரும்பினேன். 1,400 ரூபாயிலும் ஒன்று இருந்தது. அதன்மேலும் 500 வாட் என்றுதான் அச்சிட்டிருந்தது. 4,200 ரூபாயை அடித்து 1,400 என்று எழுதினேன். கடைக்காரர், "அதுல மட்டும் கை வைக்காதீங்கக்கா" என்றார். வியாபாரிகள் எல்லோரும் சொல்லும் பேச்சு இது என்று எனக்குள் நகைத்துக்கொண்டேன்.

மிச்சப்பட்டது 2,800 ரூபாய். அப்போதுதான் அந்தக் கடையின் கண்ணாடி அலமாரியில் ஒரு கேபினெட்டைக் கண்டேன். முன்புறமும் பக்கவாட்டும் கண்ணாடி. உள்ளே மூன்று விசிறிகள், பச்சை, நீலம், ஊதா என்று நிறம் மாறிமாறிச் சுடர்ந்தன. விலை 4,800. "இவ்வளவு காசு போடுகிறோம்; நாலு பேர் வந்தால் பார்க்கும்படி இருக்க வேண்டாமா?" என்றேன். மகன், "உம்மா, அதுல காத்துப் போகாதும்மா" என்றான். விசிறி மூன்று இருக்கக் காற்றுப் போகாதா என்று அவன் வாயை அடைத்தேன்.

எண்ணிப் பாருங்கள், சகோதரிகளே! பகட்டுக்கு மயங்குவான் என்று பிள்ளையைக் கண்காணிக்கச் சென்றவள் நான். அன்று அந்தத் தெருவில் பகட்டுக்கு மயங்கியவளும் நானே.

இருமுறை கெட்டது

வீட்டில் முதல் சில மாதங்கள் மகிழ்ச்சியாகவே கழிந்தன. வந்தவர்கள் எல்லோரும் விளக்கொளியைப் புகழ்ந்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மகன் மாலையில் ஒரு மணி நேரம் விளையாடுவான். பிறகு பிளெண்டரில் பட்டினச்சேரிக் கரையில் கிடக்கும் பைபர் படகு ஒன்றை அளவெடுத்து வடிவமைத்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்டு மாதத்தில் தொல்லை தொடங்கியது. விளையாட்டு நடுவில் இருக்கும்போதே கணினி பட்டென்று அணைந்து, தானே மீண்டும் எழும். மகன் வந்து சொன்னான். நான் அவனை நம்பவில்லை. "இரவெல்லாம் விழித்து ஆடுகிறாய், இயந்திரம் சூடேறி நின்றுபோகிறது" என்றேன். "இல்லம்மா, ஒரு மணி நேரத்துக்கு மேல நான் ஆடலை" என்றான். "பொய் சொல்லாதே" என்று கூறிவிட்டேன். அந்த அறையைப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். பத்து நாள் அவன் என்னிடம் தேவைக்கு மட்டுமே பேசினான்.

நவம்பரில், மழை விடாது பெய்த ஓர் இரவு. இஷாத் தொழுது எழுந்தபோது, ரப்பர் கருகும் வாடை வந்தது. ஓடிச் சென்று பார்த்தால், மகன் சுவர்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெளிறி நிற்கிறான். கேபினெட்டின் பின்புறத்திலிருந்து மெல்லிய புகை. திரையில் அவன் செய்துகொண்டிருந்த படகு இருந்த இடம் இருட்டாகக் கிடந்தது.

மறுநாள் காரைக்காலிலிருந்து கணினி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவரை அழைத்துவந்தோம். அவர் எதையும் கழற்றுவதற்கு முன்பே, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளைக் காட்டி, "இதைப் படிச்சீங்களாம்மா?" என்று கேட்டார். நாற்பது வயதைத் தாண்டியவள், பட்டம் பெற்றவள், ஒவ்வோர் எழுத்தையும் உச்சரிப்புப் பிசகாமல் ஓதவேண்டும் என்று குழந்தைகளைத் திருத்துகிறவள். அந்தத் தாளை நான் படித்ததில்லை.

அவர் சொல்லிக்கொடுத்த கணக்கு இதுதான். கணினிக்குள் கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் உண்பது 12 வோல்ட் மின்சாரத்தை. அந்தத் தாளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். பன்னிரண்டை அதனால் பெருக்குங்கள். எங்களுடையதில் 18 ஆம்பியர். ஆக 216 வாட். 500 என்பது பெட்டியின்மேல் இருந்த எண். உண்மையில் பயன்படும் ஆற்றல் அதில் பாதிகூட இல்லை. எங்கள் கிராபிக்ஸ் கார்டுக்கு 132 வாட் வேண்டும். பிராசசர் முழு வேகத்தில் 76 வாட் வரை இழுக்கும். விசிறி, ரேம், மற்றவை எல்லாம் சேர்த்தால் 250 வாட்டைத் தொட்டுவிடும். விளையாட்டு உச்சத்துக்கு ஏறும்போதெல்லாம் அந்த மின்வழங்கி தாங்காமல் கைவிட்டிருக்கிறது. கண்ணாடி முகப்பு காற்றை மறித்ததால் உள்ளே வெப்பமும் கூடி, அதன் ஆயுளைக் குறைத்திருக்கிறது. கடைசியில் சாகும்போது மதர்போர்டையும் உடன் கொண்டுசென்றுவிட்டது. எரிந்த தடம் உள்ள பலகைக்கு உத்தரவாதமும் செல்லவில்லை. மதர்போர்டு 7,800, மின்வழங்கி 1,400, இனி உதவாத கண்ணாடிக் கேபினெட் 4,800. ஆக 14,000 ரூபாய். 900 ரூபாய் மிச்சப்படுத்தியதற்கு இது கூலி.

பணம் போனதுகூட அன்று எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அந்த இளைஞர் சொன்ன ஒவ்வொரு சொல்லும், ஆகஸ்டு மாதத்தில் என் மகன் சொன்னது உண்மை என்று நிறுவியது. அவன் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான் வாங்கிய பெட்டி. நான் பெட்டியை நம்பிவிட்டுப் பிள்ளையைச் சந்தேகித்தேன்.

அன்று மஃக்ரிபுக்குப் பின் அவனைக் கூப்பிட்டு அருகில் உட்காரவைத்தேன். பெற்றவள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதற்கு வார்த்தை எளிதில் வருவதில்லை. "வாப்பா, உன்னைப் பொய்யன் என்று சொல்லிவிட்டேன். மாப்பு செய்" என்றேன். அவன் சற்று நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "அந்தத் தாளை நானும்தானம்மா படிக்கலை" என்றான். என்மீதிருந்த பாதிக் குற்றத்தை அவனே எடுத்துக்கொண்டான். அறைச் சாவியை அவன் கையில் கொடுத்தேன்.

சுவரிலிருந்து தொடங்குங்கள்

இரண்டாம் முறை நாங்கள் பட்டியலைத் தலைகீழாக எழுதினோம். முதல் வரியில் பிராசசர் இல்லை, சுவர் இருந்தது. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்தப் பொருளுக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது.

சுவர் என்றால் முதலில் எர்த். வெறுங்காலோடு கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் விரல்நுனியில் சுருக்கென்று ஒரு கூச்சம் உண்டாவதை நான் முன்பே உணர்ந்திருந்தேன், பெரிதுபடுத்தவில்லை. மின்வழங்கிக்குள் கசடை வடிகட்டும் சிறு பாகங்கள், மிகச் சிறிதளவு மின்சாரத்தைக் கேபினெட் வழியாக எர்த்துக்கு அனுப்பும்படி அமைக்கப்பட்டவை. எர்த் அறுந்திருந்தால் அது போக வழியின்றி, தொடுகிறவர் உடல் வழியே செல்லப் பார்க்கும். எலக்ட்ரீசியன் வந்து பார்த்தபோது, எங்கள் வீட்டு எர்த் கம்பி குழிக்குள் துருப்பிடித்து இற்றே போயிருந்தது. கடலோர மண் அப்படி. கரியும் உப்பும் போட்டுப் புதுக்குழி எடுத்தோம். கணினி வாங்காவிட்டாலும் செய்திருக்கவேண்டிய வேலை அது. துணி துவைக்கும் இயந்திரத்தையும் கிரைண்டரையும் தொடும் கைகள் நம்முடையவை அல்லவா?

அடுத்தது யூ.பி.எஸ். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இந்தக் கரையில் நாங்கள் இருட்டில் கிடந்ததை மறக்கமுடியாது. புயல் இல்லாத மழைக்காலத்திலும் மின்சாரம் கண்சிமிட்டத்தான் செய்கிறது. யூ.பி.எஸ். வாங்கும்போது ஓர் எண் உங்களை ஏமாற்றும். 600 வி.ஏ. என்பது 600 வாட் அன்று. பெரும்பாலும் 360 வாட் அளவே அது தாங்கும். மானிட்டரையும் சேர்த்து எங்கள் கணினிக்கு அது போதும், செய்த வேலையைச் சேமித்து முறையாக அணைக்கச் சில நிமிடங்கள் கிடைக்கும். அதற்கு மேல் விளையாடிக்கொண்டிருக்க அது உதவாது, உதவவும் வேண்டாம்.

மூன்றாவதாகத்தான் எஸ்.எம்.பி.எஸ். தாளைப் படித்து வாங்கினோம். 550 வாட், 12 வோல்ட்டில் 45 ஆம்பியர், அதாவது 540 வாட். சொன்னதற்கும் தருவதற்கும் ஏறத்தாழ வேறுபாடில்லை. "80 பிளஸ்" என்ற முத்திரையும் இருந்தது. அந்த முத்திரை, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கணினிக்குச் சேர்கிறது என்பதைக் காட்டும். பாதுகாப்புக்கு அது சான்றன்று. ஆகவே முத்திரையையும் பாருங்கள், ஆம்பியரையும் பெருக்குங்கள், உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்றும் கேளுங்கள்.

நான்காவது கேபினெட். மகன் முதலில் கேட்ட அதே கோழிக்கூண்டு. முன்னிருந்து குளிர்ந்த காற்று நுழைந்து, பின்புறமும் மேலும் வெப்பக் காற்று வெளியேறவேண்டும். அவ்வளவுதான் அதன் இலக்கணம். முன்வலையில் தூசு வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கே கடலோரத்தவர்களுக்கு ஒரு சொல். பட்டினச்சேரியில் எங்களுக்குப் பழக்கமான படகுக்காரர் ஒருவர் இருக்கிறார். கரைக்கு வந்ததும் இஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவாமல் வீட்டுக்குப் போகமாட்டார், படகிலுள்ள ஜி.பி.எஸ். கருவியையும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பார். எங்கள் கணினி எரிந்த கதையைக் கேட்டதும், "சன்னல் எந்தப் பக்கம்?" என்றுதான் முதலில் கேட்டார். கிழக்குப் பக்கம், கடலைப் பார்த்து. "உப்பு ஓசையில்லாம திங்கும் பிள்ளே" என்றார். மழைக்காலத்தில் அடுப்படியிலுள்ள உப்பு ஜாடி நீர்த்துப்போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். பலகையின்மேல் படிந்த உப்புத்தூளும் அப்படியே கசிந்து, செம்புத் தடங்களை அரிக்கும். கணினியைக் கடல்பக்கத்துச் சன்னலிலிருந்து அகற்றி உட்சுவருக்கு மாற்றினோம். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உலர்ந்த மென்தூரிகையால் மகன் தூசு தட்டுகிறான். படகுக்காரரின் ஈரத்துணி கணினியின் உட்புறத்துக்கு ஆகாது.

உள்ளே இருப்பவை

இவையெல்லாம் ஆனபின்தான் விளையாட்டுக்குரிய பாகங்கள். அவற்றிலும் என் மகனிடம் நான் கற்ற சில உண்மைகளைச் சொல்கிறேன்.

பாகங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தம் பொருந்தவேண்டும். டி.டி.ஆர்.4 ரேமுக்குரிய பலகையில் டி.டி.ஆர்.5 நுழையாது. இன்டெல் பிராசசரின் பெயருக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால், தனியாகக் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது. ஒரே 16 ஜி.பி. ரேமைவிட எட்டு எட்டாக இரண்டு போடுவது வேகம் தரும். இருவர் சேர்ந்து தண்ணீர் இறைப்பதைப் போல.

கிராபிக்ஸ் கார்டைத் தேர்ந்தெடுக்குமுன் மானிட்டரை முடிவு செய்யுங்கள். 1920க்கு 1080 என்ற அளவுத் திரையில் ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள் உள்ளன. நான்கு கே என்று விளம்பரப்படுத்தப்படும் திரையில் அதைப்போல் நான்கு மடங்கு, 83 லட்சம். ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் தீட்டவேண்டியது அந்தக் கார்டுதான். திரை பெருகினால் கார்டின் விலை பெருகும். கார்டு பெருகினால் மின்வழங்கி பெருகும். ஆசை ஒன்று, செலவு மூன்று. எங்களுக்கு 24 அங்குலத்தில், நொடிக்கு 144 முறை புதுப்பிக்கும் சாதாரணத் திரையே தாராளம்.

பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறதென்று ஓடாதீர்கள். நாணயம் எடுக்க இரவுபகலாக உழைத்து ஓய்ந்தவை, துடைத்துப் பளபளப்பாக்கப்பட்டு விற்பனைக்கு வந்திருக்கின்றன. கண்முன் ஓட்டிக்காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள். விலையின் போக்கையும் கவனியுங்கள். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக் கூடங்களுக்காக நினைவகச் சில்லுகள் அள்ளப்பட்டதால், ரேமின் விலை இருமடங்குக்கும் மேல் ஏறியது. 2021இல் கார்டுக்குக் காத்திருந்ததுபோல, இதற்கும் காத்திருக்கத் தெரிந்தவர்க்கே காசு மிஞ்சும்.

துணைக்கருவிகளில் என் மாமியாருக்கும் ஒரு பங்கு உண்டு. மகன் ஆசைப்பட்ட மெக்கானிக்கல் கீபோர்டு, ஒவ்வொரு விசைக்கும் "டக் டக்" என்று ஒலிக்கும் வகை. பக்கத்து அறையில் மூதாட்டி உறங்கவேண்டும். அதே கீபோர்டில் ஓசை குறைந்த வகையும் உண்டு என்று அறிந்து அதை வாங்கினோம். மவுஸ் கைக்கு அடங்கினால் போதும். அதன் பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் பல்லாயிரக்கணக்கான எண்கள் வெறும் அலங்காரம். "கேமிங் நாற்காலி" என்று பந்தயக் கார் இருக்கையைப்போல் விற்கிறார்கள். முதுகைத் தாங்கி, கால் தரையில் பதியும் எங்கள் பழைய மரநாற்காலிக்கு ஒரு மெத்தை தைத்துப் போட்டேன். மிச்சமான காசில் நல்ல ஹெட்போன் வாங்கினான்.

அந்த ஹெட்போன்தான் பெற்றோர் கவனிக்கவேண்டிய பொருள். அதில் ஒலி வாங்கியும் இருக்கிறது. அதன் வழியாக முன்பின் அறியாதவர்கள் நம் பிள்ளையின் காதுக்குள் பேசுகிறார்கள். ஆகவே கணினி பூட்டிய அறையில் இல்லாமல், போவோர் வருவோர் கண்படும் இடத்தில் இருக்கிறது. எங்கள் உடன்படிக்கையில் மூன்றே விதிகள்: பாங்கு சொன்னால் எழுவது, பெயரும் ஊரும் எவரிடமும் சொல்லாதிருப்பது, பணம் கட்டி ஆடும் எதையும் தொடாதிருப்பது. விளையாட்டு வேறு, சூது வேறு. 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் இந்த வேறுபாட்டைத்தான் செய்தது: பணம் பந்தயம் வைக்கும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து, மின்விளையாட்டுப் போட்டிகளைத் தனியே பிரித்து வைத்தது. இந்த வரம்புக்குள் அவன் ஆடும் கால்பந்தை இப்போது நானே சில மாலைகளில் நின்று பார்ப்பதுண்டு.

அன்புச் சகோதரிகளே! உங்கள் பிள்ளையும் ஒரு நாள் இப்படியொரு பட்டியலோடு வந்து நிற்பான். முடியாது என்று கிழித்துப் போடாதீர்கள்; என்னைப்போல் பாதி தெரிந்துகொண்டு பேனாவையும் எடுக்காதீர்கள். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு வரியாக, இது என்ன செய்யும், இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். அவன் விளக்கத் திணறும் பொருளை வாங்கவேண்டாம். அவன் விளக்கிவிட்ட பொருளை, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது என்பதற்காக வெட்டவும் வேண்டாம். நாலு பேர் பார்க்கும் கண்ணாடிக்குச் செலவிட்டு, எவரும் பார்க்காத மின்வழங்கியில் மிச்சம் பிடித்தவளின் அனுபவம் இது.

அந்தக் கண்ணாடிக் கேபினெட்டை நாங்கள் விற்கவில்லை. வாங்குவாரும் இல்லை. மாமியார் அதைக் கழுவித் துடைத்து, கிரைண்டர்ப் பக்கத்தில் வைத்து வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார். வந்தவர்கள் இன்றும் அதைப் பார்த்து இது என்ன என்று கேட்கத்தான் செய்கிறார்கள். மகன் என் முகத்தைப் பார்ப்பான். கதையை நானே சொல்லிவிடுவேன். பைபர் படகு மட்டும் எரிந்த இரவில் பிழைத்துக்கொண்டது, எஸ்.எஸ்.டி.யில் பத்திரமாக இருந்தது. அதை முடித்து அச்செடுத்துப் படகுக்காரரிடம் கொடுத்தான். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, இஞ்சின் மாட்டும் இடம் நாலு விரல் தள்ளியிருக்கிறது என்று திருத்தம் சொன்னார். இப்போது அதைச் சரிசெய்துகொண்டிருக்கிறான்.